இரண்டு கோட்டு மீன்

எனக்கு வாற தையோடை எழுபத்தொன்பது வயது. ஐஞ்சு பிள்ளையளை வளர்த்து ஆளாக்கினனான். மூண்டு நான் பெத்தது, ரெண்டு என்ரை தம்பி விட்டுட்டுப் போனது. பள்ளிக்கூடம் ரெண்டாம் வகுப்போடை சரி. இதை என்ரை கையாலைதான் எழுதுறன். எழுத்துப் பிழையைப் பேத்தி அபி திருத்தலாம், சொல்லை மாத்தக்கூடாது எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.

எங்கடை ரெய்னர்ஸ் லேன் முதியோர் கூட்டத்தில் வருசத்துக்கு ஒரு மலர் போடுகினம். அதில் ஆராவது தாங்கள் வேலை பார்த்த காலத்தைப் பற்றி எழுதுவினம். ரீச்சர்மார் எழுதிச்சினம். தபால்கந்தோரில் இருந்தவர் எழுதினார். கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், இருந்தவர் மூண்டு முறை எழுதினார். எல்லாம் ஊரில் பார்த்த உத்தியோகம். லண்டனில் என்ன வேலை பார்த்தவை எண்டு ஒருத்தரும் எழுதினதில்லை. போன கூட்டத்தில் தலைவர் என்னைப் பார்த்து, "நீங்களும் ஏதும் எழுதுங்கோவன் அக்கா" எண்டார். பகிடிக்குக் கேட்டிருப்பார். நான் ஓம் எண்டிட்டன்.

நான் மீன் வெட்டினனான். அல்பேட்டனில் ஒரு மீன் பக்ரறியில் பத்து வருசத்துக்கு மேலை. அதில் ஆறு வருசம் ஒரே சாதி மீன்.

நான் லண்டனுக்கு வரேக்கை ஐம்பது தாண்டிட்டுது. மகன், "அம்மா, நீங்கள் வீட்டிலை இருங்கோ" எண்டான். ஒரு மாரி முழுக்க யன்னலுக்குள்ளாலை மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தன். பிறகு ஜேர்மனியில் இருந்து இஞ்சை வந்து குடியேறின மங்கை எண்ட பிள்ளை, பக்கத்துத் தெரு, தான் வேலை செய்யிற இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த வீட்டுக்காரி கேட்டா, "மீன் வெட்டவோ லண்டனுக்கு வந்தனீங்கள்?" எண்டு. "ஓம், நீங்கள் வெட்டாததைத்தான் வெட்டப் போறன்" எண்டன். அதுக்குப் பிறகு அவ என்னோடை கன நாள் கதைக்கேல்லை. எனக்கும் நேரமில்லை. விடிய முதல் ரெயின் பிடிக்கவேணும்.

முதல் ரெண்டு மாதம் சின்ன மீன். செதில் எடுக்கிறது, முள்ளுப் பிடுங்கிறது, பெட்டி கழுவுறது. அதில் சொல்ல ஒண்டுமில்லை. மூண்டாம் மாதம் என்னைப் பெரிய மேசைக்கு விட்டினம். அங்கைதான் பல்லன்.

பல்லன் எண்டது நாங்கள் வைச்ச பேர். சாக்கில் ரூத்பிஷ், பல்லு மீன், எண்டு எழுதிக் கிடக்கும் எண்டு மங்கை சொல்லுவாள். கோட்டலுக்குப் போய்ச் சாப்பாட்டு மட்டையில் ஏறேக்கை அவனுக்கு வேறை ஒரு வடிவான பேர் வைச்சிடுவினம். பல்லன் எண்டு கூப்பிட்டமே தவிர, அவன்ரை பல்லை நாங்கள் கண்டதில்லை. கப்பலிலேயே தலையையும் வாலையும் வெட்டி, குடலை எடுத்து, கல்லாய் உறைய வைச்சுச் சாக்கில் போட்டு அனுப்புவினம். வாறது நடு உடம்பு மட்டும். அதுவே பத்து வயதுப் பிள்ளையின்ரை நீளம், முப்பது கிலோவும் வரும். ரெண்டு பேர் பிடிச்சுத்தான் தட்டில் ஏத்துறது.

பூமியின்ரை தென் முனையில், பனிக்கட்டிக்குக் கீழை, சூரியனே போகாத ஆழத்தில் இருக்கிறவன் எண்டு சொல்லுவினம். தன்னிலும் சின்னனாய் என்ன ஊர்ந்தாலும் பிடிச்சுத் தின்னுவானாம். அந்தத் தண்ணியில் வேறை மீனெண்டால் ரத்தம் உறைஞ்சு செத்துப்போகும். இவன்ரை ரத்தத்தில் உறையவிடாத ஏதோ ஒரு சத்து இருக்காம். ஐம்பது வருசமும் உயிரோடை இருப்பானாம். அதைக் கேட்ட நாளில் இருந்து பெரிய மீன் ஒண்டு மேசைக்கு வந்தால், இவன் என்ரை வயதுக்காரனாய் இருப்பானோ எண்டு ஒருக்கால் யோசிச்சிட்டுத்தான் கத்தி வைக்கிறனான்.

இதெல்லாம் எங்களுக்குச் சொன்னது எங்களை மேற்பார்க்கிற போமன் சிவபாதம். பக்ரறி முழுக்க அவருக்கு நோர்வே அண்ணை எண்டு பேர். நோர்வேயின்ரை வடக்கு அந்தத்தில், ரெண்டு மாதம் சூரியன் எழும்பாத ஊரில், பன்னிரண்டு வருசம் மீன் பக்ரறியில் நிண்டவர். பிள்ளையளைத் தமிழ்ச்சனத்துக்குள்ளை வளர்க்கவேணும் எண்டு லண்டனுக்கு வந்தவர். எங்களோடை வேலை செய்த போலந்துக்காரரும் அவரை "அண்ணை" எண்டுதான் கூப்பிட்டினம். அதுதான் அவரின்ரை பேர் எண்டு நினைச்சவை.

எனக்குத்தான் கரைச்சல். அவர் என்னிலும் எட்டு வயது இளமை. அண்ணை எண்டு கூப்பிட ஏலாது. தம்பி எண்டு கூப்பிட்டால் மேலதிகாரிக்கு மரியாதை இல்லை. அதனால் வேலைக்குள்ளை நான் அவரை ஒண்டும் சொல்லிக் கூப்பிடுறேல்லை. கத்திப் பிடியால் மேசையில் ரெண்டு தட்டுத் தட்டுவன். திரும்பிப் பார்ப்பார். "சொல்லுங்கோ அக்கா" எண்டுவார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோவம் வந்தால் போய்க் கத்தி கழுவுவார். கழுவின கத்தியைத் திரும்பவும் கழுவுவார். எவ்வளவு நேரம் தண்ணி ஓடுது எண்டு வைச்சு, பிழை பெரிசோ சின்னனோ எண்டு நாங்கள் கணக்குப் பிடிப்பம். கத்தி ஒவ்வொண்டுக்கும் நம்பர். வேலை முடிய அவர் எண்ணுவார். ஒரு கத்தி குறைஞ்சால் ஒரு பெட்டியும் வெளியில் போகாது. ஒருநாள் என்ரை பதினாலாம் நம்பர் கத்தி காணேல்லை. எல்லாரும் கோட்டுப் போட்டுக்கொண்டு நிக்கினம். கட்டின பெட்டியள் அவ்வளவத்தையும் அவரே திரும்ப உடைச்சார். கத்தி என்ரை ஏப்ரன் மடிப்புக்குள்ளை கிடந்தது. "நல்லது, கிடைச்சிட்டுது" எண்டிட்டு, திரும்பவும் பெட்டி கட்டத் துவங்கினார். அதுக்குப் பிறகு எனக்குக் கத்தி துலைஞ்சதே இல்லை.

பல்லனை வெட்டுறதுக்கு ஒரு பதம் இருக்கு. சில்லர் எண்ட குளிர் அறையில் ரெண்டு நாள் கிடக்கவேணும். முழுக்க இளகினால் சதை சிதறிப்போகும். இளகாவிட்டால் கத்தி வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும். வெளியில் வெண்ணெய், நடுவில் கல், அதுதான் பதம். தேமாமீற்றர் இருந்தது. அண்ணை பெருவிரலையும் நம்பச் சொன்னவர். விரலால் அமத்தி எடுத்தால் பள்ளம் மெல்ல மெல்ல மேலை வரவேணும். பிறகு முதுகெலும்பை ஒட்டிக் கத்தியைப் படுக்கப் போட்டு ஒரே இழுவை. அறுக்கக்கூடாது, இழுக்கவேணும். சதை பால் வெள்ளை. கொழுப்பு கையுறையில் வெள்ளையாய்ப் படியும், சுடுதண்ணி காட்டினால் உடனை போயிடும். துண்டு உள்ளங்கை அளவு. தராசில் பச்சை லைற் எரியவேணும். சிவப்பு எரிஞ்சால் மங்கை பக்கத்து மேசையில் இருந்து, "அக்கா, கோட்டலிலை ஒருத்தர் பட்டினி" எண்டுவாள்.

அண்ணை எங்களுக்கு முதல் நாளே காட்டினது கோடு. பல்லன்ரை பக்கத்துத் தோலில் ரெண்டு கோடு ஓடும். ஒண்டு முதுகோரமாய் நெடுக. மற்றது நடு உடம்பில் துவங்கி வால் பக்கமாய். "தலை இல்லாமல் வாற மீனுக்குக் கோடுதான் முகம்" எண்டு சொல்லித் தந்தவர்.

இனிச் சனிக்கிழமைப் பங்கைச் சொல்லவேணும். வெட்டேக்கை வால் பக்கம், வயித்துப் பக்கம் அளவுக்கு வராத துண்டு மிஞ்சும். முந்தி அதைக் குப்பையில் போட்டினம். பார்த்துக்கொண்டு நிக்க மனம் வரேல்லை. ஊரில் பங்கு இறைச்சி போடுற மாதிரி, மேசையில் குவியல் குவியலாய்ப் பிரிச்சு, கொழுப்பும் சதையும் எல்லாப் பங்கிலும் ஒரே மாதிரி வரப் பார்த்து, நாங்கள் தமிழ்ப் பொம்பிளையள் நாலு பேரும் ஆளுக்கு ஒரு பை எடுப்பம். பங்கு பிரிக்கிறது நான். பிரிச்சவள்தான் கடைசியாய் எடுக்கவேணும், அது முறை. பிறகு முதலாளி, அவர் வெள்ளைக்காரன், மிஞ்சிறதை நாய்ச் சாப்பாடு செய்யிறவைக்குக் குடுக்கப்போறன், ஒருத்தரும் ஒரு துண்டும் கொண்டுபோகக்கூடாது எண்டு கடதாசி ஒட்டிவிட்டார். அண்ணை அதை எங்களுக்குத் தமிழில் வாசிச்சுக் காட்டினார். வாசிச்சிட்டு, "சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நான் பத்து நிமிசம் சில்லருக்குள்ளை கணக்கெடுக்கப் போவன்" எண்டு மட்டும் சொன்னார். சனிக்கிழமையில் கணக்கெடுக்க ஒண்டுமில்லை எண்டது எல்லாருக்கும் தெரியும்.

நான் ஒரு பங்கு கூடப் போட்டு, அவரின்ரை கோட்டுக் கொழுக்கியில் பையைக் கொழுவிவிடுவன். வேண்டாம் எண்டும் சொன்னதில்லை, நன்றி எண்டும் சொன்னதில்லை. திங்கட்கிழமை பார்த்தால் கொழுக்கி வெறுமையாய் இருக்கும்.

பல்லனைச் சமைக்கப் பழக எனக்கு ஒரு வருசம் எடுத்தது. புளிக்குழம்புக்குச் சரிவராது, கொழுப்புப் புளியை அமத்திப்போடும். உப்பும் மிளகும் மஞ்சளும் பிரட்டி, சட்டியில் எண்ணெயே விடாமல் போட்டால், தன்ரை கொழுப்பில் தானே பொரிவான். புட்டோடை அதைச் சாப்பிட்டவை ஒருநாளும் மறந்ததில்லை.

இனி மெலிஞ்ச மீன். ஒருநாள் சாக்குப் பிரிச்சால், நீளம் மற்றதுகளைப் போலை, மொத்தம் கோடாலிப் பிடி மாதிரி மெல்லிசு. கத்தி வைச்சன். சதை வறண்டு கிடந்தது, கையில் கொழுப்பே ஒட்டேல்லை. மேசையில் ரெண்டு தட்டுத் தட்டினன். "இது பல்லன் இல்லை. வேறை ஏதோ மீனைக் கலந்து விட்டிருக்கினம்" எண்டன். என்ரை வாயை நம்பி அண்ணை மேசை முழுக்க நிப்பாட்டினார். அரை நாள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிண்டம். முதலாளி ஒரு மீன் படிச்ச பொம்பிளையைக் கூப்பிட்டார். அவ வந்து தோலைத் துடைச்சு, ரெண்டு கோட்டிலும் விரலை ஓட்டிக் காட்டினா. பல்லன்தான். சாப்பாடு கிடையாமல் மெலிஞ்சவனாம். இடைக்கிடை அப்பிடியும் வருமாம்.

மங்கை எனக்கு டொக்டர் அக்கா எண்டு பேர் வைச்சாள். தண்ணி குடிக்கப் போற இடத்திலும், "டொக்டர், எனக்கு இருமல்" எண்டு கையை நீட்டுவாள். முதலாளி மேலை கூப்பிட்டு, இன்னொருக்கால் சும்மா வேலையை நிப்பாட்டினால் போமன் வேலை இல்லை எண்டு அண்ணைக்குச் சொன்னது எங்களுக்குப் பிறகு தெரிய வந்தது. அண்டைக்கு அவர் கத்தி கழுவேல்லை. என்னட்டை வந்து, "அக்கா, கோடு ரெண்டும் இருந்தது. நீங்கள் கோட்டைப் பாக்கேல்லை, கொழுப்பைப் பாத்திட்டியள்" எண்டார். மெல்லத்தான் சொன்னார். எனக்கு அறைஞ்ச மாதிரி இருந்தது. நான் பிள்ளையளிட்டையே பேச்சு வாங்காதவள்.

அதுக்குப் பிறகு நாலைஞ்சு மாதம் இருக்கும். ஒரு பெரிய கோட்டலில், பென்சன் எடுத்து வேலையால் நிண்ட நேர்ஸ்மாருக்கு மத்தியானச் சாப்பாடு. முன்னூறு துண்டு வேணும். சாக்கு மீன் அவ்வளவுக்குக் காணாது. முதலாளி வேறை ஆரிட்டையோ இருந்து தோல் உரிச்சுத் துண்டமாக்கின மீனைப் பெட்டி பெட்டியாய் இறக்கினார். பெட்டியில் ரூத்பிஷ் எண்டுதான் இருந்தது, மங்கை வாசிச்சவள். வெள்ளிக்கிழமை அதை வெட்டினம்.

இந்த இடத்தை நான் மெதுவாய் எழுதுறன்.

முதல் துண்டிலேயே என்ரை கை சொல்லிச்சுது. வெள்ளை நிறம் சரி. கொழுப்பும் இருந்தது. ஆனால் பல்லன்ரை கொழுப்பில்லை. மெழுகுதிரியை உருட்டின கை மாதிரி இருந்தது. சுடுதண்ணியில் காட்டினன், போகேல்லை. திரும்பவும் காட்டினன், வழுக்கிக்கொண்டு கிடந்தது. தோலைப் பார்க்கத் தோல் இல்லை. தோல் இல்லாத மீனில் கோட்டுக்கு எங்கை போறது? கொழுப்பைப் பார்க்காதையுங்கோ எண்டுதானே எனக்குச் சொன்னது. கத்திப் பிடியைத் தூக்கினனான். மங்கை என்னைப் பார்த்தாள். டொக்டர் எண்டு சொல்லப்போறாள் எண்டு நினைச்சன். அண்ணையின்ரை வேலையும் நினைவுக்கு வந்தது எண்டு எழுதலாம், வந்ததும்தான். ஆனால் முதலில் வந்தது என்ரை மானம். பிடியைத் தட்டாமல் கீழை வைச்சிட்டு, முன்னூறு துண்டிலும் என்ரை பங்கை வெட்டி முடிச்சன். எல்லாத்துக்கும் பச்சை லைற் எரிஞ்சது.

சனிக்கிழமை பங்கும் பிரிச்சன். அண்ணையின்ரை பையையும் கொழுவினன். எனக்கு மறுநாள் வீட்டில் பெரிய காரியம். கடைசி மகனுக்குக் கோலியர்ஸ் வுட்டில் ஒரு இடம் பொருந்தி, பெண் வீட்டார் முதல்முதலாய் எங்கடை வீட்டுக்குச் சாப்பிட வருகினம். அவைக்குப் பல்லன் பொரியல் வைக்கவேணும் எண்டது என்ரை ஆசை. கை சொன்னதை ஏன் மறந்தனீ எண்டு கேட்டால், மறக்கேல்லை. பேர் தெரியாவிட்டாலும் மீன் மீன்தானே, பழுதில்லை, நல்ல மணம், எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். பிழை விட்டவை தங்களுக்குச் சொல்லுற ஞாயம் அப்பிடித்தான் இருக்கும்.

வந்தவை புகழ்ந்து புகழ்ந்து சாப்பிட்டினம். சம்பந்தியம்மா ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினா. நாலரைக்குப் போயிட்டினம். ஆறு மணிக்கு என்ரை வயித்துக்குள்ளை ஏதோ வழுக்கிச்சுது. அதை விவரமாய் எழுதினால் மலரில் போடமாட்டினம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. எண்ணெய். செம்மஞ்சள் எண்ணெய், கேட்டுக் கேள்வி இல்லாமல். மகன் மேலை ஒரு கழிப்பறை, நான் கீழை.

ஏழு மணிக்கு ரெலிபோன். சம்பந்தியம்மா.

"மச்சாள், குறை நினையாதையுங்கோ. என்ன எண்ணெயிலை பொரிச்சனீங்கள்?"

"எண்ணெயே விடேல்லை மச்சாள்."

அவ குரலைத் தாழ்த்தி, "அப்ப எங்களிட்டை இருந்து வாறது என்ன?" எண்டா.

எனக்கு நிலம் பிளந்தால் போயிடலாம் போலை இருந்தது. என்ன சொல்லி வைச்சன் எண்டு நினைவில்லை. வைச்ச கையோடை மங்கை எடுத்தாள். அவள் தேங்காய்ப்பாலில் வைச்சவள். அவளின்ரை வீட்டிலும் அதே எண்ணெய். பிறகு நான் பங்கு எடுத்த மற்ற ரெண்டு பேருக்கும் எடுத்தன். ஒருத்தி சொதி, ஒருத்தி கட்லட். ரெண்டு வீட்டிலும் ஆள் கழிப்பறையை விட்டு வரேல்லை. நாலு அடுப்பு, நாலு கைப்பக்குவம், ஒரே எண்ணெய். சமையலில் பிழை இல்லை எண்டு முதலில் சந்தோசம் வந்தது. அது ஒரு நிமிசம். அடுத்த நிமிசம் அந்த முன்னூறு துண்டும் கண்ணுக்கு முன்னாலை வந்து நிண்டது. திங்கள் மத்தியானம் லொறி. செவ்வாய்க்கிழமை என்ரை வயது நேர்ஸ்மார் முன்னூறு பேர், நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, கோட்டல் கதிரையில் இருப்பினம்.

சொன்னால் களவாய்ப் பங்கு போட்டது வெளியில் வரும். எங்கடை வேலை போகும். சில்லருக்குள்ளை பத்து நிமிசம் நிண்டவரின்ரை வேலையும் போகும். சொல்லாவிட்டால் அந்தக் கிழவியள். அதோடை இரவைக் கழிச்சன்.

முதல் ரெயினில் போனன். அண்ணை எனக்கு முந்தி வந்திட்டார். சில்லருக்குள்ளை நிண்டு பெட்டியளை ஒவ்வொண்டாய் இறக்கிச் சுவரோரம் தனிய அடுக்கிக்கொண்டு நிண்டார். தட்ட மேசை இல்லை.

"தம்பி" எண்டன். அந்தக் கட்டிடத்துக்குள்ளை முதல் தரம்.

திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை வெட்டினது பல்லன் இல்லை. நாலு வீட்டிலை எல்லாருக்கும் ஒரே வயித்து வருத்தம்."

"அஞ்சு வீடு, அக்கா" எண்டார்.

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. கொழுக்கியில் நான் கொழுவின பை. அவருக்கும் முகம் வெளிறித்தான் கிடந்தது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தம். சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிப்பு வந்தால் நிக்காது. அந்தக் குளிரில் சுவரைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சம்.

பிறகு அவர் தன்ரை யோசினையைச் சொன்னார். தான் மட்டும் ஒரு துண்டு கொண்டுபோய்ச் சமைச்சது எண்டு முதலாளியிட்டைச் சொல்லப்போறாராம். எங்களை இழுக்கத் தேவையில்லையாம். நான் யோசிச்சுப் பார்த்தன்.

"ஒரு வீடெண்டால் சமையல் பிழை எண்டு சொல்லுவார் தம்பி. அஞ்சு வீடெண்டால்தான் மீன் பிழை."

அவர் போய்க் கத்தி கழுவினார். கன நேரம் தண்ணி ஓடிச்சுது. வந்து, "அப்ப எல்லாரையும் கேளுங்கோ" எண்டார்.

மங்கைதான் பயந்தவள். அவளுக்கு விசா அலுவல் இழுபட்டுக்கொண்டு கிடந்த நேரம். அவளை வரச்சொல்லி நான் கேக்கேல்லை. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தானாய்த்தான் வந்தாள். "படிச்சுப் பட்டம் வாங்கி, கடைசியிலை வயித்தாலை போனதை வெள்ளைக்காரனுக்குச் சொல்லப் போறன்" எண்டு முணுமுணுத்துக்கொண்டு படி ஏறினாள். நாலு பொம்பிளையள், வெள்ளைப் பூட்சோடை, முதலாளியின்ரை கம்பள விரிப்பில். அந்த அறைக்குள்ளை நான் போனது அண்டைக்குத்தான்.

அண்ணை இங்கிலிசில் சொன்னார், ஒண்டையும் ஒளிக்காமல். சனிக்கிழமைப் பத்து நிமிசத்தையும் சேர்த்து. மங்கை வீடு வீடாய் விரல் மடிச்சுக் காட்டினாள். முதலாளி சிவந்துபோனார். முதலில் களவைப் பற்றிக் கத்தினார். பிறகு பெட்டியோடை வந்த கடதாசியை எடுத்து மேசையில் போட்டு, இதில் ரூத்பிஷ் எண்டுதான் இருக்கு, போன முறையும் இப்பிடித்தான் சொன்னனீங்கள், லொறி பன்னிரண்டுக்குப் போகும் எண்டார்.

நான் இறங்கிச் சாப்பாட்டு அறைக்குப் போனன். அந்தப் பெட்டியில் ஒரு துண்டு எடுத்து, உப்பும் மிளகும் போட்டு, எண்ணெய் விடாமல் பொரிச்சன். பொன் மாதிரி வந்தது. வெள்ளைப் பீங்கானில் வைச்சு, முள்ளுக்கரண்டி ஒண்டும் வைச்சு, மேலை கொண்டுபோய் அந்தக் கடதாசிக்கு மேலை வைச்சன்.

"சேர், பேப்பர் குட். யூ ஈட்" எண்டன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசு அவ்வளவுதான்.

நல்ல மணம், அவருக்கும் பசி நேரம். முதலாளி மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவரோரம் வெளிறி நிண்ட அஞ்சு முகத்தையும் பார்த்தார். அவரின்ரை கை கரண்டி வரைக்கும் வந்தது. எடுக்கேல்லை. கொஞ்ச நேரத்தில் ரெலிபோனை எடுத்து, லொறியை நிப்பாட்டச் சொன்னார்.

நேர்ஸ்மார் சல்மன் மீன் சாப்பிட்டினமாம்.

எங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என்னுடையதை எனக்கு வாசிச்சுக் காட்டினது அண்ணைதான். தன்ரை கடிதத்தையும் வாசிச்சார். அவரைப் போமன் வேலையில் இருந்து இறக்கி மேசைக்கு விட்டிருந்தது. சனிக்கிழமைப் பங்கு அதோடை முடிஞ்சுது. மேசையில் அவருக்குக் கிடைச்ச இடம் என்ரை வலப்பக்கம். ஏழு மாதம் பக்கத்தில் நிண்டு வெட்டினார். அப்பதான் அவரின்ரை கையைப் பார்த்தன். நான் மூண்டு இழுவையில் எடுக்கிறதை ஒரே இழுவையில் எடுத்தார், எலும்பு கண்ணாடி மாதிரி வந்தது. அவரின்ரை தராசில் ஒருநாளும் சிவப்பு எரியேல்லை. மங்கைக்கு அது வயித்தெரிச்சல். அவரில்லாமல் கத்தி எண்ண ஆளில்லாமல் ரெண்டு பேர் மாறிப் பார்த்து, கடைசியில் முதலாளியே அவரைத் திரும்பக் கூப்பிட்டார். மேசையை விட்டுப் போகேக்கை, "உங்களோடை நிண்டது நோர்வே மாதிரி இருந்தது அக்கா, குளிர் மட்டும் காணாது" எண்டார்.

முதலாளி அந்த மீனில் ஒரு துண்டைச் சோதினைக்கு அனுப்பினவர், முடிவு ஒரு கிழமையில் வந்திருந்தது. அதையும் அண்ணைதான் மேசையில் வைச்சு வாசிச்சவர். வேறை கடல் மீனாம். நஞ்சில்லையாம். "அதின்ரை எண்ணெய் எண்ணெயே இல்லையாம் அக்கா. மெழுகாம். மனிச வயிறு அதைப் பிடிச்சு வைக்காதாம்" எண்டார். எல்லாரும் ஆவெண்டு கேட்டினம். நான் கத்தியைத் துடைச்சுக்கொண்டு நிண்டன். மெழுகு எண்டு என்ரை கைக்கு வெள்ளிக்கிழமையே தெரியும் எண்டு சொல்ல வாய் வரேல்லை. அப்ப ஒரு தட்டுத் தட்டியிருந்தால் பங்கும் இல்லை, வருத்தமும் இல்லை, அவருக்குக் கடிதமும் இல்லை. ஏழு மாதம் பக்கத்தில் நிண்ட மனிசனுக்கு அதைச் சொல்லேல்லை. எல்லாரும் என்னை, முதலாளிக்கு மீன் பொரிச்சுக் குடுத்தவள் எண்டு புகழேக்கை, பேசாமல் வாங்கிக்கொண்டன்.

கலியாணம் நல்லாய் நடந்தது. சம்பந்தியம்மா இண்டைக்கும் எங்கடை வீட்டில் மீன் கண்டால், "மச்சாள், இதுக்குக் கோடு இருக்கோ?" எண்டு கேட்டிட்டுத்தான் கை வைப்பா.

நோர்வே அண்ணை இப்ப திரும்ப நோர்வேயில், மகளோடை. மலர் வந்தால் ஒண்டு அவருக்கு அனுப்பவேணும் எண்டு விலாசம் வாங்கி வைச்சிருக்கிறன். அவர் ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிற மனிசன். வாசிச்சிட்டு எழும்பிப் போய்க் கத்தி கழுவுவார். எவ்வளவு நேரம் தண்ணி ஓடும் எண்டு எனக்கு இஞ்சை இருந்து கேக்காது.

அபி, இஞ்சை வா பிள்ளை. அம்மம்மாவின்ரை வயித்தாலை போன இடத்தை வாசிச்சுச் சிரிச்சது காணும். அந்த வெள்ளிக்கிழமையை எடு. நான் கத்திப் பிடியைத் தூக்கின இடத்தில் இருந்து, கீழை வைச்ச இடம் வரைக்கும், ஒரு சொல்லும் விடாமல் எனக்கு வாசிச்சுக் காட்டு.